வீடு மண்ணை உறிஞ்சும்போது: பேஸ்மென்ட் ரேடானைக் குறைக்கும் வழி

குளிர்காலத்தில் ஒரு கனடிய வீடு தன் அடியில் உள்ள மண்ணிலிருந்து காற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஃபர்னஸ் சூடாக்கிய காற்று லேசாகி மேலே போகிறது. மாடி ஜன்னல் ஓரங்கள், கூரைக்கு அடியில் உள்ள இடுக்குகள், குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் என்று கிடைத்த வழியில் வெளியேறுகிறது. போன காற்றுக்கு ஈடாக வேறு காற்று கீழ்ப்பக்கமாக உள்ளே வந்தாக வேண்டும். அதில் பெரும்பகுதி கதவு, ஜன்னல் இடுக்குகள் வழியே வெளியிலிருந்து வரும். ஒரு சிறு பகுதி மட்டும் பேஸ்மென்ட்டின், அதாவது நிலத்துக்குள் அமைந்த கீழ்த்தளத்தின், தரை வெடிப்புகள், தரையும் சுவரும் சேரும் இடைவெளி, நிலத்தடி நீர் சேரும் சம்ப் பம்ப் குழி, தண்ணீர்க் குழாய் நுழையும் துளை வழியாக மண்ணிலிருந்து வரும். வீடே ஒரு பெரிய புகைபோக்கியாக வேலை செய்கிறது. அப்போது பேஸ்மென்ட்டில் உண்டாகும் அழுத்தக் குறைவு சில பாஸ்கல்தான். காற்று மண்டல அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கலுக்கும் மேல் என்பதை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் பனிக்காலம் முழுக்க, இரவு பகலாக, அது நிற்காமல் இழுக்கிறது. அந்தக் காற்றோடு ரேடானும் வருகிறது, நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு கதிரியக்க வாயு. ரேடான் பிரச்சினை அந்தச் சில பாஸ்கலுக்குள்தான் இருக்கிறது. தீர்வும் அங்கேதான் இருக்கிறது.

மண்ணிலும் பாறையிலும் எங்கும் கொஞ்சம் யுரேனியம் உண்டு. அது சிதைந்து சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதைந்து ரேடான் ஆகிறது. இந்த வரிசையில் ரேடான் மட்டும்தான் வாயு. நிறம், மணம், சுவை எதுவும் கிடையாது. எதனோடும் வேதிவினை புரியாது. அதனால்தான் பாறைக்குள் அடைபடாமல் மண் துகள்களுக்கு இடையே நகர்ந்து மேலே வர அதனால் முடிகிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 3.8 நாள். மண்ணிலிருந்து வீட்டுக்குள் நுழைந்து, அறைகளில் பரவி, மூச்சில் கலக்க அந்த அவகாசம் தாராளமாகப் போதும். திறந்த வெளியில் வந்துவிட்டால் காற்றோடு கலந்து நீர்த்துப்போகும். அங்கே ஒரு கன மீட்டருக்குப் பத்து பெக்கரல் அளவில்தான் இருக்கும். பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணு சிதைவதைக் குறிக்கும் அலகு.

மண்ணுக்குள் இருக்கும் காற்றின் கதை வேறு. அங்கே ஒரு கன மீட்டருக்கு 20,000 பெக்கரல் இருந்தாலும் அது விசேஷமில்லை. இப்போது ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வீட்டுக்குள் வரும் காற்றில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்தால், வீட்டின் சராசரி 200 பெக்கரலுக்கு வந்துவிடும். கனடா அரசு 2007-இல் வைத்த வழிகாட்டு அளவு அதுதான். அதற்கு முன் 800 பெக்கரல் என்று இருந்ததை அப்போது 200-க்கு இறக்கினார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை லிட்டருக்கு 4 பிக்கோகியூரி, அதாவது கிட்டத்தட்ட 150 பெக்கரலைத் தாண்டினால் வீட்டைச் சரிசெய்யச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் இயன்றால் 100, எப்படியும் 300-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. இந்த எண்கள் எதுவும் ஆபத்தையும் பாதுகாப்பையும் பிரிக்கும் கோடு அல்ல. 2005-இல் ஐரோப்பாவின் 13 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, நீண்டகால ரேடான் அளவு 100 பெக்கரல் கூடினால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து சுமார் 16 சதவீதம் கூடுவது தெரிந்தது. 'இதற்குக் கீழே பயமில்லை' என்று சொல்லக்கூடிய ஓர் அளவு அதில் தென்படவில்லை.

ரேடான் உடலைத் தாக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். மூச்சில் போகும் ரேடானில் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும். தங்குவது அதன் வாரிசுகள்: பொலோனியம்-218, பொலோனியம்-214 போன்ற, நிமிடக் கணக்கிலும் அதற்குள்ளும் சிதையும் திடப்பொருள் அணுக்கள். இவை தூசியில் ஒட்டியோ தனியாகவோ மூச்சுக்குழாயின் உட்சுவரில் படிந்து, அங்கேயே சிதைந்து ஆல்ஃபா துகளை உமிழும். ஆல்ஃபா துகள் திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது. தோலின் மேல் விழுந்தால் இறந்த செல் அடுக்கே அதைத் தடுத்துவிடும். மூச்சுக்குழாய்க்கு அப்படி ஒரு கவசம் இல்லை. புகைப்பவர்களுக்கு இது இரட்டைத் தாக்குதல். வாழ்நாள் முழுவதும் அதிக ரேடானில் வாழும் புகைக்காதவர்களில் 20 பேரில் ஒருவருக்கும், அதே சூழலில் புகைப்பவர்களில் மூன்று பேரில் ஒருவருக்கும் நுரையீரல் புற்றுநோய் வரலாம் என்பது கனடாவின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவின் மதிப்பீடு. தலைவலி, இருமல், தோல் அரிப்பு என்று எந்த முன்னறிகுறியும் இல்லை. உடம்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழி கிடையாது, வீட்டைத்தான் அளந்து பார்க்க வேண்டும்.

இந்த விஷயம் வெளியே தெரிந்த விதம் விசித்திரமானது. 1984 டிசம்பரில் பென்சில்வேனியா மாநிலத்தின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ராஸ் என்ற கட்டுமானப் பொறியாளர் கதிரியக்கக் கண்காணிப்புக் கருவிகளைக் கடக்கும்போதெல்லாம் அபாய மணி அடித்தது. நிலையமோ அப்போது மின்சாரம் தயாரிக்கவே தொடங்கியிருக்கவில்லை. வேலையிடத்திலிருந்து அவர் கதிரியக்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, வீட்டிலிருந்துதான் வேலைக்குக் கொண்டுவந்திருந்தார். அவருடைய வீட்டை அளந்தபோது லிட்டருக்குச் சுமார் 2,700 பிக்கோகியூரி இருந்தது. நம் அலகில் கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பெக்கரல். பென்சில்வேனியாவிலிருந்து நியூஜெர்சி வழியாக நியூயார்க் வரை போகும், யுரேனியம் கூடுதலான ரெடிங் பிராங் பாறைப் பட்டையின் மேல் அந்த வீடு நின்றிருந்தது. குடும்பம் வெளியேறியது. பல மாத வேலைக்குப் பிறகு அளவை 4 பிக்கோகியூரிக்குக் கீழே கொண்டுவந்தார்கள், குடும்பமும் திரும்பி வந்தது. அதுவரை ரேடானைச் சுரங்கத் தொழிலாளர்களின் பிரச்சினையாகவே பார்த்துவந்த அமெரிக்கா, 1988-இல் வீட்டு ரேடான் குறைப்புக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதே 1988-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ரேடானை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது. எனக்கு இந்தச் சம்பவத்தில் முக்கியமாகப் படுவது அந்தப் பெரிய எண் அல்ல. அவ்வளவு மோசமான வீட்டையும் சரிசெய்ய முடிந்தது என்பதுதான்.

யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ வளர்ந்த ஒருவர் இந்தப் பெயரைக் கேள்விப்படாமல் இருப்பதில் வியப்பில்லை. நம் ஊர் வீடுகளுக்குப் பேஸ்மென்ட் கிடையாது. ஜன்னல்கள் வருடம் முழுக்கத் திறந்திருக்கும், உள்ளும் வெளியும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலை. மண் காற்றை இழுக்கும் அந்த விசையே அங்கு உருவாவதில்லை. கனடாவுக்கு வந்த பிறகு நிலைமை தலைகீழ். ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் பிராம்டனிலும் புதிதாக வந்தவர்களின் முதல் வீடு பெரும்பாலும் யாரோ ஒருவருடைய பேஸ்மென்ட்தான். மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள், ஊரிலிருந்து வந்த அம்மா அப்பா அங்கே படுக்கிறார்கள், கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் மேசையை அங்கே போட்டிருக்கிறார்கள். வீட்டில் ரேடான் அதிகமாக இருக்கும் தளத்தில், நாளில் அதிக நேரத்தைக் கழிப்பவர்கள் இவர்கள். நம் சமூகத்தில் இதைப் பற்றிப் பேச்சே இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

'பழைய வீட்டுக்குத்தான் இந்தப் பிரச்சினை, நாங்கள் வாங்கியது புது வீடு' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2012-இல் வெளியான ஹெல்த் கனடா கணக்கெடுப்பில் சுமார் 7 சதவீத மக்கள் 200 பெக்கரலைத் தாண்டிய வீடுகளில் வாழ்ந்தார்கள். 2024-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு நூற்றுக்குச் சுமார் 18 வீடுகள் அந்த அளவிலோ அதற்கு மேலோ இருப்பதாகச் சொன்னது. கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கனடாவையும் சுவீடனையும் ஒப்பிட்டபோது, கனடாவில் புதிய வீடுகளில் ரேடான் கூடிக்கொண்டும் சுவீடனில் குறைந்துகொண்டும் வருவது தெரிந்தது. இரண்டுமே குளிர் நாடுகள், இரண்டிலும் யுரேனியம் உள்ள பாறை உண்டு. வித்தியாசம் வீடு கட்டும் முறையில் இருக்கிறது. வெப்பம் வீணாகக் கூடாது என்று வீட்டை இறுக்கமாக அடைத்துக் கட்டினால், உள்ளே வந்த ரேடான் வெளியே போகும் வழியும் அடைபடும். காற்றோட்டத்தையும் மண் வாயுவையும் சேர்த்து யோசித்துக் கட்டினால் இரண்டையும் சமாளிக்கலாம்.

சரி, உங்கள் வீட்டில் எவ்வளவு இருக்கிறது? இதற்கு வரைபடத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் 60 என்றால் உங்கள் வீட்டில் 400 இருக்கலாம். அடியில் உள்ள ஜல்லி, தரையின் வெடிப்புகள், ஃபர்னஸ் ஓடும் விதம் எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். ஆல்ஃபா டிராக் எனப்படும் சோதனைக் கருவி கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா. பேட்டரி கிடையாது. உள்ளே ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதன் மேல் மோதும் ஒவ்வொரு ஆல்ஃபா துகளும் ஒரு நுண்ணிய தழும்பை விட்டுப்போகும். ஆய்வகத்தில் ரசாயனத்தில் ஊறவைத்து அந்தத் தழும்புகளை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். ஆய்வகக் கட்டணத்தோடு சேர்த்து 30 முதல் 60 டாலருக்குள் முடியும். அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் குறைந்தது மூன்று மாதம் வைக்க வேண்டும். நாளுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆள் புழங்கும் இடங்களில் மிகக் கீழான தளத்தில், உட்கார்ந்து மூச்சு விடும் உயரத்தில், வெளிச்சுவரையும் ஜன்னலையும் விட்டுத் தள்ளி வையுங்கள். சமையலறையும் குளியலறையும் வேண்டாம். ரேடான் ஒரே நாளில் இரண்டு மடங்காகவும் பாதியாகவும் ஆடும் இயல்புடையது. அதனால் இரண்டு நாள் சோதனையை வைத்துப் பெரிய முடிவு எடுக்கக் கூடாது. டிஜிட்டல் மானிட்டர் வாங்கியவர்கள் தினம் தினம் எண்ணைப் பார்த்துப் பதறுவதிலும் பயனில்லை. மூன்று மாதச் சராசரியைப் பார்த்தால் போதும். கனடாவின் சில பொது நூலகங்கள் இந்த மானிட்டர்களைப் புத்தகம் போல இரவல் தருகின்றன.

எண் 200-ஐத் தாண்டியதும் பெரும்பாலோர் முதலில் செய்வது வெடிப்புகளை அடைப்பதும் ஜன்னலைத் திறப்பதும். இரண்டுமே மனசுக்கு நியாயமாகத் தோன்றும், இரண்டுமே தனியாகப் போதாது. கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியும் வெடிப்பை அடைத்தால், தெரியாத நூறு வழிகளில் அதே உறிஞ்சல் வேலை செய்யும். வீடு நகர்ந்து புது வெடிப்பும் வரும். தரையும் சுவரும் சேரும் இடம் பெரும்பாலும் ஜிப்சம் பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும், கையே எட்டாது. ஜன்னலைப் பொறுத்தவரை, பேஸ்மென்ட் ஜன்னலைத் திறந்தால் உடனே அளவு குறையும், மூடிய சில மணி நேரத்தில் பழையபடி ஏறும். ஜனவரியில் எத்தனை நாள் திறந்து வைக்க முடியும்? மாடி ஜன்னலை மட்டும் திறந்தால் இன்னும் மோசம், சூடான காற்று வெளியேறுவது வேகமாகி மண்ணிலிருந்து இழுப்பது கூடும். பேஸ்மென்ட்டில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவதும் அதே தப்புதான். காற்றுச் சுத்திகரிப்புக் கருவியின் வடிகட்டியில் தூசி சிக்கும், வாயுவான ரேடான் சிக்காது.

ஆக, செய்ய வேண்டியது உறிஞ்சலின் திசையைத் திருப்புவது. வீடு மண்ணை உறிஞ்சுவதற்கு முன்னால், நாம் தரைக்கு அடியில் அதைவிட வலுவாக உறிஞ்ச வேண்டும். அப்போது வெடிப்பு இருந்தாலும் காற்று வீட்டிலிருந்து கீழே போகுமே தவிர, மண்ணிலிருந்து மேலே வராது. தரையடி அழுத்தக் குறைப்பு என்று பெயர் கொண்ட முறை இவ்வளவுதான். பேஸ்மென்ட் தரையில் ஒரு துளை போட்டு, அடியில் உள்ள ஜல்லியையும் மண்ணையும் ஒரு வாளி அளவாவது தோண்டி எடுத்து ஒரு சிறு குழி செய்வார்கள். அதில் நாலு அங்குல பிவிசி குழாயை இறக்கி, சுற்றிலும் காற்றுப் புகாமல் அடைப்பார்கள். குழாயின் நடுவே ஒரு ஃபேன். அது தரையடி வாயுவை இழுத்து வீட்டுக்கு வெளியே விடும். வெளியே வந்த ரேடான் சில அடிகளுக்குள் காற்றோடு கலந்து நீர்த்துவிடும்.

கேட்க எளிது, ஆனால் நல்ல வேலைக்காரரின் திறமை குழாய்க்கான துளையைப் போடும் முன்பே தெரிந்துவிடும். அவர் முதலில் தரையில் ஒரு சோதனைத் துளை போட்டு வேக்யூம் கிளீனரை வைத்துக் காற்றை இழுப்பார். அப்புறம் அறையின் மற்ற மூலைகளில் பென்சில் பருமனுக்குத் துளைகள் போட்டு, அங்கெல்லாம் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று நுண் அழுத்தமானியால் பார்ப்பார். அடியில் நல்ல ஜல்லி இருந்தால் ஒரே ஒரு குழாய் முழுத் தளத்தையும் பிடித்துவிடும். களிமண் என்றால் காற்று நகராது. இரண்டாவது குழி தேவைப்படலாம், அல்லது வலுவான ஃபேன் வேண்டும். வீட்டைப் பின்னாளில் நீட்டிக் கட்டியிருந்தால் இரண்டு தரைகளுக்கு நடுவே அடித்தளச் சுவர் குறுக்கே நிற்கும். ஒரு பக்கத்து உறிஞ்சல் மறுபக்கம் போய்ச் சேராது. இதையெல்லாம் பார்க்காமல், வந்த பத்து நிமிடத்தில் குழாய் போடும் இடத்தைக் காட்டிவிட்டு விலை சொல்பவரை நான் நம்ப மாட்டேன். கனடாவில் இந்த வேலைக்கு சி-என்ஆர்பிபி என்ற சான்றிதழ் முறை உண்டு. அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

வெடிப்புகளை அடைக்கும் வேலைக்கு இப்போதுதான் அர்த்தம் வருகிறது. தரையில் திறந்த வழிகள் அதிகம் இருந்தால் ஃபேன் மண்ணை விட்டுவிட்டு வீட்டுக் காற்றையே குடிக்கும். அடைத்தால் உறிஞ்சல் வலுக்கும், நாம் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றும் வீணாகாது. சம்ப் குழிக்குக் காற்றுப் புகாத மூடி போட வேண்டும், தரை வடிகாலுக்குத் தண்ணீர் மட்டும் இறங்கி வாயு ஏறாத அடைப்பு வைக்க வேண்டும். சில வீடுகளில் சம்ப் குழி அடித்தளத்தைச் சுற்றியுள்ள வடிகால் குழாய்களோடு சேர்ந்திருக்கும். அங்கிருந்தே உறிஞ்சினால் வீட்டைச் சுற்றிலும் ஒரே மூச்சில் பிடிக்கலாம். மண்தரை உள்ள குனிந்து போகும் அறைகளில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, ஓரங்களைச் சுவரோடு ஒட்டி, விரிப்புக்கு அடியிலிருந்து உறிஞ்சுவார்கள்.

குழாயின் வாய் எங்கே திறக்க வேண்டும் என்பதில் அமெரிக்காவும் கனடாவும் வெவ்வேறு வழியில் போயின. அமெரிக்காவில் ஃபேன் மனிதர் புழங்கும் பகுதிக்குள் இருக்கவே கூடாது, பரணிலோ வெளியிலோதான் வைக்க வேண்டும். குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும். குழாய் எங்காவது கசிந்தால், அழுத்தத்தோடு வரும் ரேடான் வீட்டுக்குள்ளேயே கொட்டிவிடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு. கனடாவின் குளிரில் வேறொரு சிக்கல் வந்தது. தரையடி வாயு ஈரம் நிறைந்தது. நீளமான குழாயில், பரணின் குளிரில் அந்த ஈரம் பனிக்கட்டியாக உறைந்து வழியையே அடைத்துவிடும். அதனால் இங்கே கசிவில்லாத ஃபேனைப் பேஸ்மென்ட்டிலேயே வைத்து, பக்கச் சுவர் வழியாகத் தரைக்குச் சற்று மேலே வெளியேற்றுவது வழக்கமானது. வெளியேறும் வாய், ஜன்னலுக்கோ வீட்டுக்குள் புதுக் காற்று எடுக்கும் துவாரத்துக்கோ பக்கத்தில் இருக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பேஸ்மென்ட்டில் புகைபோக்கியோடு கூடிய கேஸ் வாட்டர் ஹீட்டரோ பழைய ஃபர்னஸோ இருந்தால், ரேடான் ஃபேன் வீட்டுக் காற்றையும் சேர்த்து இழுக்கும்போது அந்தப் புகை வெளியே போகாமல் உள்ளே திரும்பலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். பொருத்தி முடித்ததும் இதைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

முறையாகச் செய்தால் ரேடான் 80 சதவீதத்துக்கு மேல் குறையும், 90-ஐத் தாண்டுவதும் சகஜம். செலவு பெரும்பாலும் 2,000 முதல் 3,000 டாலருக்குள் முடியும், சிக்கலான வீட்டில் கூடலாம். அளவு 200-ஐச் சற்றே தாண்டியிருந்தால், வெளிக் காற்றைச் சூடாக்கி உள்ளே விடும் எச்ஆர்வி கருவியைச் சரியாக அமைப்பதே போதுமானதாக இருக்கலாம். ஆனால் காற்று மாற்றத்தை இரண்டு மடங்காக்கினால் ரேடான் பாதியாகும், அவ்வளவுதான். 800 இருக்கும் வீட்டுக்கு அது விடையல்ல.

2010-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதிகள் புது வீடுகளில் தரைக்கு அடியிலிருந்து ஒரு குழாயை மேலே கொண்டுவந்து மூடி வைக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தன. அதற்குப் பின் கட்டிய வீடு என்றால் பேஸ்மென்ட்டில் மூடி போட்ட, ரேடான் என்று எழுதிய ஒரு குழாய்முனை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் அந்தக் குழாய் மட்டும் இருப்பதால் ரேடான் குறையாது, ஃபேனோடு சேர்த்து வெளியே கொண்டுபோனால்தான் வேலை செய்யும். ஒன்ராறியோவில் புது வீட்டு உத்தரவாதத்தை நடத்தும் டேரியன், முதல் ஏழு ஆண்டுகளுக்குள் 200-க்கு மேல் வந்தால் ரேடான் சீரமைப்பையும் அதில் சேர்த்திருக்கிறது. இது தெரியாமலே அந்த ஏழு ஆண்டுகளைத் தாண்டிவிடும் குடும்பங்கள் பல. வருமானம் குறைந்த வீட்டுக்காரர்களுக்குக் கனடிய நுரையீரல் சங்கத்தின் உதவித்தொகைத் திட்டம் ஒன்றும் உண்டு.

பேஸ்மென்ட்டை வாடகைக்கு எடுத்திருப்பவர் தரையில் துளை போட முடியாது, ஆனால் சோதனை டப்பாவை அலமாரியில் வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆய்வகத்திலிருந்து வந்த எண்ணோடு வீட்டுக்கார அண்ணரிடம் பேசினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். மேல் தளத்தில் இருக்கும் அவருடைய பிள்ளைகளும் அதே காற்றைத்தான், சற்றுக் குறைந்த அளவில், சுவாசிக்கிறார்கள் என்பதையும் அவருக்குச் சொல்லலாம். வீட்டுக்காரராக இருப்பவர்கள், வாடகைக்கு விடும் முன்பே ஒரு குளிர்காலம் அளந்துவிடுவது நியாயம் என்பது என் எண்ணம்.

ஃபேன் பொருத்தியதும் குழாயில் 'யு' வடிவத்தில் உள்ளே தெரியும் ஒரு சிறு குழாயை மாட்டியிருப்பார்கள். அதில் உள்ள வண்ண எண்ணெய் இரண்டு பக்கமும் வெவ்வேறு உயரத்தில் நின்றால் உறிஞ்சல் இருக்கிறது என்று அர்த்தம். சமமாக நின்றால் ஃபேன் நின்றுவிட்டது, அல்லது குழாய் எங்கோ பிரிந்திருக்கிறது. ரேடான் எவ்வளவு குறைந்தது என்பதை அது சொல்லாது. அதனால் பொருத்திய சில நாட்களில் ஒரு குறுகிய சோதனையும், அடுத்த குளிர்காலத்தில் மறுபடி மூன்று மாதச் சோதனையும் செய்ய வேண்டும். ஃபேன் வருடம் முழுக்க, இரவு பகலாக ஓட வேண்டிய பொருள். மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கோடையில் நிறுத்தி வைக்காதீர்கள். சில ஆண்டுகளில் அது தேய்ந்துபோகும், மாற்றத்தான் வேண்டும். பேஸ்மென்ட்டைப் புதுப்பித்தாலோ, ஜன்னல்களையும் ஃபர்னஸையும் மாற்றினாலோ, வீட்டின் உறிஞ்சலும் மாறியிருக்கும். அப்போது இன்னொரு டப்பா வாங்கி மறுபடி அளந்து பாருங்கள்.